வாப்பாவின் வலக்கை

சாய்ந்தமருது
19.01.2025

அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மலைக்குளிர் உங்கள் நெஞ்சில் ஏறவில்லை என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உம்மாவும் சுகம். உம்மாவுக்கு வழக்கமான தலையிடி. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்று எழுதச் சொன்னா, எழுதிவிட்டேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். ஃபோன் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போடுகிறீர்கள். எடுத்துத் தந்தாலும் ஒரு "ம்", பிறகு மூச்சுச் சத்தம். உங்கள் தங்கச்சி ஸம்ஸியா மாமிதான் வழி சொன்னா: "எழுதிப் போடுகா மகள், எழுத்தெண்டா காக்கா வாசிப்பார்." அதுதான் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு செய்தி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களை மாமி வீட்டுக்கு அனுப்பியது ஊருக்குத் தெரியாது. நீங்கள் நாலு மாத ஜமாஅத்தில் மார்க்கப் பணிக்குப் போயிருக்கிறீர்கள் என்று உம்மா சொல்லி வைத்திருக்கிறா! வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒருவருக்கும் கை கொடுக்காமல் பின்வாசலால் நழுவும் மனிசனுக்கு அல்லாஹ் ஹிதாயத்தைக் கொடுத்து நேர்வழி காட்டிவிட்டான் என்று எல்லாரும் "மாஷா அல்லாஹ்" சொல்கிறார்கள். பக்கத்து வளவு றுகையா ராத்தா தன் மகன் எழுதப்போகும் சோதனைக்குத் துஆச் செய்யச் சொன்னா. செய்துவிடுங்கள், பாவம்.

அன்று நடந்ததைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தன் மகனுக்காக என்னைப் பெண் பார்க்க வந்த றஸ்மி ஹாஜியார் உங்கள் வலக்கையை இரண்டு கையாலும் பிடித்து ஸலாம் சொன்னார். பிடித்தவர் விடாமல் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன். உங்கள் முகம் வேறு யாருடையதோ போல ஆனது. அவரைத் தள்ளினீர்கள், மனிசன் வட்டிலப்பத் தட்டின் மேல் விழுந்தார். பிறகு பார்த்தால் உழவு மெசினுக்குக் கீழே குந்திக்கொண்டு இருக்கிறீர்கள். ஹாஜியாரின் கைமூட்டு வீக்கம் இறங்கிவிட்டதாம். சாரத்தில் பட்ட கருப்பட்டிப் பாகுதான் போகவில்லையாம்.

எனக்குக் கோபம் இல்லை வாப்பா. பயமும் இல்லை. இல்லை, பயம் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் துஆவில் இடம் கேட்கும் மகள்,
றுஸ்தா


வெலிமடை
04.02.2025

மகள் றுஸ்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உயிரோடு இருக்கிறேன். இருமல் இல்லை. குளிர் மட்டும் எலும்புக்குள் குடியேறிவிட்டது. உன் உம்மாவின் தலையிடிக்கு நெற்றியில் தேசிக்காய் வெட்டி வைக்கச் சொல். நான் இல்லாத வீட்டில் என்னால் வரும் தலையிடி குறையத்தானே வேண்டும்?

ஜமாஅத்துக் கதையைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. உன் உம்மா பொய் சொன்னாலும் நன்மை கிடைக்கிற பொய்யாகத்தான் சொல்லுவா.

உன் மாமி என்னை ஏமாற்றினாள். சலரோகத்துக்கு இரத்தத்தில் சீனி பார்க்க என்று கூட்டிப்போனாள். போன இடம் மனநோய்க் கிளினிக். துசாந்தினி என்று ஒரு பிள்ளை இருந்து ஆட்களோடு கதைக்கிறது. திருக்கோவில் பிள்ளை, நம்முடைய பக்கத்துப் பேச்சு. அந்த ஒன்றுக்காகத்தான் எழும்பி வராமல் இருந்தேன். "சுனாமியில உங்கட வீட்டில ஆரும் போனவங்களா ஐயா?" என்று கேட்டது. "ஒருத்தரும் இல்ல. வீட்டில ஒரு ஓடும் உடையல்ல. பிறகு என்னத்துக்கு என்னைக் கேக்கிறீங்க?" என்றேன். அதற்கும் எழுதிக்கொண்டது.

நீயே சொல் மகள். குடும்பத்தையே கடலுக்குக் கொடுத்தவன் கடை திறந்து வியாபாரம் பார்க்கிறான். அவனல்லவா நோயாளி? நான் மெசின்காரன். கடல் கொன்ற மற்றவர்களுடைய மையத்துகளை மெசினுக்குப் பின்னால் கொழுவிய பெட்டியில் ஏற்றி இறக்கினேன், அவ்வளவுதான். எனக்கு நோய் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வயலில் நெல் வெட்டுக் காலம் தொடங்கியிருக்கும். ஸப்ரியிடம் சொல், கிளச்சை மிதித்தபடி மெசின் ஓட்ட வேண்டாம் என்று. அவனுக்கு நெல் மூட்டையும் தெரியாது, கிளச்சும் தெரியாது. தம்பி என்று ஒன்று வாய்த்தது எனக்கு.

அல்லாஹ் காவல்.
வாப்பா, ஜவுபர்


சாய்ந்தமருது
21.02.2025

அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எழுத்தைக் கண்டதே பாதிச் சுகம். உம்மா தேசிக்காய் வைத்தா, தலையிடி போகவில்லை. ஸப்ரி சாச்சாவிடம் கிளச்சைப் பற்றிச் சொன்னேன். "உன்ட வாப்பா மலையில இருந்தும் என்னை விடமாட்டாரா?" என்றார். விளைச்சல் பரவாயில்லை, வெள்ளம் நின்ற வயல் துண்டில்தான் மணி பிடிக்காத சாவி கூட.

கல்முனைச் சந்தையில் பாக்கியராசா அங்கிளைக் கண்டேன், சுனாமி நாளில் உங்களோடு மெசின் பெட்டியில் நின்றவர். வாப்பா எங்கே என்று கேட்டார். உம்மா சொல்லித் தந்ததைச் சொன்னேன். மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆருக்குப் பேய்க்காட்டுறாய் மகள்? நானும் அவரும் ஒரே பெட்டியில ஏறி இறங்கின ஆக்கள். நான் குடிச்சிட்டுப் படுக்கிறன். அவருக்கு மார்க்கம் அதுக்கும் விடாது, பாவம்."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த ஆளிட கையப் பத்தி உனக்குச் சொன்னவரா?" இல்லை என்றேன். கேட்டது பிழை என்பதுபோல, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

யாருடைய கை வாப்பா?

உம்மா கல்யாணத்துக்குத் திகதி வைத்துவிட்டா. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, ஜூன் 22, ஞாயிறு. மற்ற விசயங்களைப் பிறகு எழுதுகிறேன்.

கம்பளியை விட்டுவிடாதீர்கள்.
மகள், றுஸ்தா


சாய்ந்தமருது
21.02.2025

அன்பு ஸம்ஸியா மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமாவும் பிள்ளைகளும் சுகம்தானே? இதை வாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

சம்பந்தம் முறியவில்லை. ஆனால் றஸ்மி ஹாஜியாருக்கு மட்டும் உம்மா உண்மையைச் சொன்னா, அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். நிக்காஹ் அன்று பெண்ணைக் கொடுக்கும் வொலிகாரர் பெண்ணின் வாப்பாதானே. மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்து "என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று சொல்ல வேண்டியவர் அவர். ஹாஜியார் சொல்கிறார்: "புத்தி சரியில்லாத ஆள் வொலியா இரிக்க ஏலா. எனக்கிட்டச் செய்ததை என்ட மகனுக்கிட்டயும் செய்தா? தம்பிக்காரன் ஸப்ரி குடுக்கட்டும். மூத்தவர் கல்யாணம் முடியும் வரைக்கும் மலையில இரிக்கட்டும்."

வாப்பாவுக்குப் பைத்தியம் என்று பதிவில் எழுதினால் உரிமை தானாகச் சாச்சாவுக்குப் போகும். இல்லாவிட்டால் தன் பொறுப்பைச் சாச்சாவுக்குக் கொடுப்பதாக வாப்பாவே கையெழுத்து வைக்க வேண்டும். உம்மா கையெழுத்துப் போதும் என்று ஒத்துக்கொண்டுவிட்டா. அவவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து குடியிருக்கப்போகிறவர். வாப்பா அறைக்குள் கத்துவதைக் கேட்டால் அடுத்த நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று பயப்படுகிறா. இருபது வருசமாக அந்தச் சத்தத்தை மறைக்க ரேடியோவைக் கூட்டி வைக்கிறவ அவதானே.

மாமி, நேராகச் சொல்லுங்கள். வாப்பாவுக்குப் பைத்தியமா?

மருமகள், றுஸ்தா


வெலிமடை
17.03.2025

அன்பு மருமகள் றுஸ்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே குளிருக்குப் பசி தெரிகிறது, தாகம் தெரியவில்லை. உன் மாமாவுக்குக் கஞ்சி உப்பில்லை என்ற ஒரே முறைப்பாடுதான், வேறு குறை இல்லை.

நீ கேட்டதை நான் துசாந்தினியிடம் அப்படியே கேட்டேன். "பிள்ளை, எங்கட காக்காக்குப் பைத்தியமா?" அவள் சிரிக்கவில்லை. "இல்ல அக்கா. இதுக்கு மனவடு எண்டு பேர். அண்டைக்குக் கண்டதும் மணந்ததும் அவருக்குப் பழசாகப் போகல்ல. கை பிடிபட்டா உடம்பு திரும்ப அந்த இடத்துக்கே போயிடுது. அவர் தள்ளினது உங்கட ஹாஜியாரை இல்ல" என்றாள். வீட்டில் ஆளைப் பறிகொடுத்தால்தான் வரும் என்று இல்லையாம். மையத்து எடுத்தவர்களுக்கும் வருமாம், அன்று ஆஸ்பத்திரியில் நின்ற தாதிமாருக்கும் வந்திருக்கிறதாம். மீன் தின்னாததும், நித்திரையில் கத்துவதும், உன் உம்மாவோடு ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடிப்பதும் எல்லாம் ஒரே நோயின் பிள்ளைகள். இத்தனை வருசமாக நாங்கள் அதற்கு "ஜவுபர்ர குணம்" என்று பெயர் வைத்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது மகள். நான் அவருடைய கூடப்பிறந்தவள், எனக்கே தெரியவில்லையே!

மருந்து இருக்கிறது. கதைத்துக் கதைத்துச் செய்யும் வைத்தியமும் இருக்கிறது. மெதுவாகத்தான் போகும் என்றாள். இப்போது கை பிடித்துப் பழக்குகிறார்கள். நோன்பு திறந்ததும் கையை நீட்டி "புடிச்சுப் பாரு ஸம்ஸியா" என்பார். பிடித்தால் வேர்த்துக்கொட்டும், உதறிவிட்டுக் கழுவப் போவார். கழுவிவிட்டு வந்து திரும்பவும் நீட்டுவார். இந்தப் பிடிவாதம் வேறு யாருக்கு வரும்?

இன்னொன்று. கோபிக்காதே. ஹாஜியாரின் நிபந்தனையை நான் சொல்லிவிட்டேன். "கலியாணத்துக்கு நான் எப்ப போற?" என்று கேட்டார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பொய் வரவில்லை. கேட்டுவிட்டு எழும்பிப் போய் உன் மாமாவின் கடையில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு கையை நீட்டவில்லை.

எல்லாருக்கும் என் ஸலாம்.
மாமி, ஸம்ஸியா


வெலிமடை
05.04.2025

மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகக் கழிந்திருக்கும். உனக்குப் புது உடுப்பு எடுத்தார்களா? நான் சுகம்.

இத்துடன் ஒரு தாள் வருகிறது. என் பொறுப்பை ஸப்ரிக்குக் கொடுத்துக் கையெழுத்து வைத்திருக்கிறேன். சாட்சிக்கு உன் மாமாவும் பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தினும் வைத்திருக்கிறார்கள். உன் உம்மாவிடம் கொடு. ஸப்ரி மெசின்தான் ஒழுங்காக ஓட்ட மாட்டான், மற்றப்படி நல்லவன். அவனுடைய கை நடுங்காது.

உன் நிக்காஹ் நேரம் நான் இங்கே தொழுது துஆக் கேட்பேன். அல்லாஹ்வுக்குச் சாய்ந்தமருதும் வெலிமடையும் ஒன்றுதான்.

பாக்கியராசாவுக்கு வாய் நீளம்.

வாப்பா


சாய்ந்தமருது
11.05.2025

வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

ஒரு மாதத்துக்கு மேலாக எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். இதோ உங்கள் தாள், திரும்பி வருகிறது. உம்மாவிடம் நான் கொடுக்கவில்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். இந்த வீட்டில் ஏற்கனவே ஒரு பொய் நடமாடுவதால் இன்னொன்றுக்கு இடம் இல்லை. "வந்திச்சி, தரமாட்டன்" என்றேன். உம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுச் சுவருக்குச் சொன்னா, "அவளுக்குத் தின்னச் செல்லு" என்று.

என்னைக் கேட்டா வாப்பா கையெழுத்து வைத்தீர்கள்? கொடுக்கப்படுகிறவள் நான். யார் கொடுப்பது என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இல்லையா? உங்களை ஒளித்து வைத்துவிட்டு, சாச்சாவின் கையால் போய், அடுத்த நாள் உங்களுக்கு வட்டிலப்பம் பார்சல் அனுப்பச் சொல்கிறீர்களா? நீங்கள் சும்மா விட்டுக்கொடுப்பீர்கள். பிறகு என் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது, உங்கள் மூத்தவாப்பாவும் ஜமாஅத்தில் போயிருந்தார் என்றா?

நான் ஹாஜியாரின் மகன் அப்ராஸுக்கு ஃபோன் எடுத்தேன். நாங்கள் கதைப்பது அதுதான் முதல் தரம். கல்முனை பஸாரில் மோட்டார் பாட்ஸ் கடையில் நிற்கிறவர், பின்னால் ஒரே இரும்புச் சத்தம். சொன்னேன்: "என்ட வாப்பா ஜமாஅத்தில இல்ல. வெலிமடையில மாமிட வீட்டில நிண்டு மனநோய்க் கிளினிக்குக்குப் போறார். அவர் இல்லாம நான் நிக்காஹ் செய்யமாட்டன். உங்களுக்கு ஏலாட்டி ஏலா எண்டு இப்பவே செல்லுங்க." "பிறகு எடுக்கிறன்" என்று வைத்தவர்தான். அதன்பிறகு எடுக்கவில்லை.

அது முறிந்தால் முறியட்டும் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத முடியவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது வாப்பா. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மகள், றுஸ்தா


வெலிமடை
25.05.2025

மகள் றுஸ்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். உன் கோபத்தையும் தாளையும் ஒன்றாகப் பெற்றுக்கொண்டேன். உன் உம்மா என்னைக் கல்யாணம் முடித்த புதிதில் இப்படித்தான் எழுதுவா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறேன், மாமியின் வாசலில் ஒரு பொடியன் நிற்கிறான். முழுக்கைச் சேட், கையில் மஸ்கட் இனிப்புப் பெட்டி. "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. நான் அப்ராஸ்." ஸலாம் சொன்னான், கை நீட்டவில்லை. மஸ்கட் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான்.

"உன்ட வாப்பாக்குத் தெரியுமா?"

"தெரியா."

"பைத்தியமா எண்டு பாக்க வந்தியா?"

"ஓம் மாமா" என்றான். "நான் இரிக்கப்போற வீடு அது. வீட்டில ஆர் இரிக்கிற எண்டு தெரியாம எப்பிடி வாற?"

உள்ளதைச் சொல்கிற பொடியன். உட்காரச் சொன்னேன். துசாந்தினியிடம் பாதி சொல்லி நிறுத்தியிருந்ததை அவனுக்கு முழுதாகச் சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. உனக்குச் சொல்லாமல் அவனுக்குச் சொன்னது முறையில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதி முடியும்வரை உன் மாமியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

சுனாமி வந்து இரண்டாம் நாள் அது. நானும் பாக்கியராசாவும் கடற்கரைப் பக்கமிருந்து ஏற்றிக்கொண்டு வந்தோம். முஸ்லிம், தமிழ் என்று பார்க்கவில்லை, பார்க்கவும் ஏலாது. விழுந்த மதிலுக்குக் கீழே ஒரு கை தெரிந்தது. மற்றவர்களை இழுத்ததுபோல வலக்கையால் பிடித்து இழுத்தேன். அந்தக் கை என்னைத் திருப்பிப் பிடித்தது. உயிர் இருந்தது மகள்!

அவரை மையத்துகளோடு போட மனம் வரவில்லை. மெசினில் என் பக்கத்தில் சில்லுக்கு மேலே இருக்கும் மட்காட்டில் இருத்தினோம், பாக்கியராசா பின்னால் நின்று தாங்கிக்கொண்டான். ஆள் ஒரு சொல் பேசவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. றோட்டெல்லாம் மரமும் கூரையும் கிடந்தது. கியர் போட வேண்டும். வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "கொஞ்சம் பொறுங்க, இந்தா வந்திட்டம்" என்று சொல்லிச் சொல்லித்தான் பிரித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சில்லை, மௌத்து. பெயர் தெரியாது, ஊர் தெரியாது.

எத்தனை மையத்துகளை எடுத்த கை என்று ஊர் சொல்லும். எனக்கு அந்த ஒரு கைதான். யார் இறுக்கிப் பிடித்தாலும் அது அவர்தான். பிடித்தால் பிறகு நான் விரலைப் பிரிக்க வேண்டிவரும். அதனால்தான் பிடிக்க விடுவதில்லை.

பொடியன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "வலக்கையாலயா மாமா கியர் போட்ட?" என்று கேட்டான். பாட்ஸ் கடைக்காரன்தானே! ஓம் என்றேன். "அப்ப வேற வழியில்ல" என்றான். தேத்தண்ணி குடித்தான், பஸ்ஸுக்குப் போனான். போகும்போதும் கை நீட்டவில்லை.

உன் தாளை மாமி அடுப்பில் போட்டுவிட்டாள். முயன்று பார்க்கிறேன் மகள். வாக்குத் தரவில்லை.

வாப்பா


சாய்ந்தமருது
10.06.2025

அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. உம்மா சுகம், நானும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உம்மாவிடம் கொடுத்தேன். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. வெளியே வந்ததும் ரேடியோவைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டா.

கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நாலு மாதம் முடிந்ததாம், ஜவுபர் காக்கா வந்ததும் ஜமாஅத்தில் கண்டது கேட்டதை ஒரு பயான் பேச்சாகச் சொல்ல வேண்டுமாம்! நான் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். உம்மா வாசல் கடப்படியில் நின்று சொன்னா: "அவர் ஜமாஅத்துக்குப் போகல்ல. நான் பொய் சொன்ன. மையத்து எடுத்தெடுத்து மனசில வந்த வருத்தம், வெலிமடையில மருந்து எடுக்கார்." இருவர் நிலத்தைப் பார்த்தார்கள். மூன்றாமவர் அந்த நாளில் மையத்துகளுக்குக் குழி வெட்டியவராம். திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கிளினிக் எவடத்த எண்டு ஒருக்காச் செல்லுங்க தங்கச்சி."

அப்ராஸ் தன் வாப்பாவோடு சண்டை பிடித்திருக்கிறார். ஹாஜியார் பாதி இறங்கியிருக்கிறார். நீங்களே வொலியாக இருக்கலாம், ஆனால் ஸப்ரி சாச்சா பக்கத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டுமாம். மௌலவியிடம் நான் ஆளனுப்பிக் கேட்டேன். கை பிடிப்பது ஊர் வழக்கம்தான், கட்டாயம் இல்லை, வாய்ச்சொல் போதும் என்றார். எனக்கும் உங்கள் வாய்ச்சொல் போதும் வாப்பா. ஏலாவிட்டால் அதுவும் வேண்டாம், எழும்பி என்னிடம் வந்துவிடுங்கள். வந்து இருந்தால் போதும்.

மகள், றுஸ்தா


வெலிமடை
08.07.2025

மகள் றுஸ்தாவுக்கும் மருமகனுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாக வந்து சேர்ந்தேன். மாதக் கிளினிக்குக்குப் போனேன், மருந்தைக் கொஞ்சம் மாற்றினார்கள். நோய் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டிலும் கத்தினேன், உங்கள் அறைக்குக் கேட்டிருக்கும். இங்கே வந்தும் கத்தினேன். துசாந்தினி அதற்குப் பயப்பட வேண்டாம் என்கிறது.

நீ அறைக்குள் சீலையும் மாலையுமாக இருந்தாய். பள்ளிவாசலில் ஆண்கள் இருந்த இடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. நான் எழுதினால்தான் உண்டு.

எனக்கு எதிரே பொடியன். ஒரு பக்கம் ஹாஜியார், மறுபக்கம் ஸப்ரி, சேட் கையை மடித்துவிட்டு எப்போது கூப்பிடுவார்கள் என்பதுபோல இருந்தான். பார்க்கவே ஆத்திரம் வந்தது. மௌலவி "கை பிடிக்காமலும் செய்யலாம்" என்று மெதுவாகச் சொன்னார். நான் கையை நீட்டிவிட்டேன். பொடியன் பிடித்தான், இறுக்கவில்லை.

உடனே அந்த நாளின் மணம் வந்தது. காது அடைத்தது. துசாந்தினி சொல்லித் தந்தபடி கால்விரலால் பாயை அழுத்தினேன். இது பாய், இது பள்ளி, இவன் அப்ராஸ் என்று மனதுக்குள் சொன்னேன். மௌலவி சொல்லித் தர, நான் சொன்னேன். உன் பெயரில் தடக்கிவிட்டேன், அவர் எடுத்துக் கொடுத்தார். பொடியன் ஒத்துக்கொண்டான். முடிந்தது. உன்னைக் கொடுத்தது நான்தான் மகள்.

பிறகுதான் சங்கடம். என் கை விடவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது நான். விடு என்கிறேன், விரல் கேட்கவில்லை. எல்லாரும் கையேந்தித் துஆ ஓதினார்கள். நாங்கள் இருவரும் ஏந்தவில்லை. ஹாஜியார் "கைய எடுடா மகன்" என்றார். பொடியன் எடுக்கவில்லை. என் விரலைப் பிரிக்கவும் இல்லை. ஈச்சம்பழம் வந்தது, இடக்கையால் தட்டை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தான். ஆட்கள் எழும்பினார்கள், பாய் சுருட்டத் தொடங்கினார்கள். அவன் அப்படியே இருந்தான். கடைசியில் விரல் தானாகத் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவன் கையை எடுத்தான்.

இருபது வருசத்தில் என் கையிலிருந்து ஒரு கை இப்படிப் போனது இதுதான் முதல் தரம்.

மகள், என் விரலைப் பிரிக்கக் கூடாது என்று நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாயா? சொல்லியிருந்தால் குறையில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

வாப்பா


சாய்ந்தமருது
17.07.2025

அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருந்து மாற்றியது ஒத்துக்கொள்கிறதா? உம்மா உங்கள் அறைக்குப் புது யன்னல் சீலை தைத்திருக்கிறா, நிறம் உங்களுக்குப் பிடிக்காது. அடுத்த கிளினிக் முடிந்ததும் வந்து சண்டை பிடியுங்கள். கத்தியது கேட்டது. அவரும் கேட்டார். "மாமாக்குத் தண்ணி குடுக்கவா?" என்று எழும்பினார். அவருடைய பெட்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை வாப்பா. நீங்கள் கை நீட்டவே மாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். சொல்லிக்கொடுக்க என்ன இருந்தது?

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு அவரிடமே கேட்டேன். கடைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றவர், சேட் பொத்தானைப் போடாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

"மாமாக்கு அண்டைக்குக் கியர் போட வேண்டி இருந்திச்சி" என்றார். "எனக்கு ஒரு வேலையும் இருக்கல்லியே."

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மகள் றுஸ்தா